சீனி வருத்தமா, சோற்று வருத்தமா?

யாழ்ப்பாணத்தில் நீரிழிவு நோய்க்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. வைத்தியசாலைப் படிவங்களிலும் பத்திரிகைகளிலும் அது நீரிழிவு. வயது முதிர்ந்தோர் வாயில் அது சலரோகம். மற்றெல்லோர் வாயிலும் அது சீனி வருத்தம். தமிழ்நாட்டிலும் அதைச் சர்க்கரை வியாதி என்றே அழைக்கிறார்கள். இந்த மூன்றாவது பெயர் எமக்குப் பெருங்கேடு விளைத்து வருகிறது என்பது என் கருத்து. நோய்க்குச் சீனியின் பெயரை இட்டுவிட்டதனால், சீனியை நிறுத்தினால் நோயை அடக்கிவிடலாம் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். தேநீரிலே சீனி சேர்க்காதவர் கடித்துக்கொள்ளப் பனங்கட்டி வைத்திருக்கிறார். கலியாண வீட்டிலே கேக் துண்டைத் தொடாதவர் மறுநாட் காலையில் கோப்பை நிறையப் புட்டை வாழைப்பழத்துடன் குழைத்து உண்கிறார். இருவருமே தாம் பத்தியம் காப்பதாக மனதார நம்புகிறார்கள்.

இது பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பெரிய கணிதம் தேவையில்லை. நாளுக்கு மூன்று தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி போடுவாரானால், ஆறு கரண்டியிலும் சேர்ந்து அவர் உடலுக்குள் போவது ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் சீனி. இனி அவருடைய சாப்பாட்டைப் பார்ப்போம். அரிசிமாவில் நூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட 78 கிராம் மாச்சத்து உண்டு. பாடசாலையில் காபோவைதரேற்று என்று படித்தோமே, அதுதான். காலையில் நூறு கிராம் மாவிலே அவித்த புட்டு என்றால் 78 கிராம். மதியம் 400 கிராம் சோறு, அதாவது எமது ஊர்க் கணக்கில் நடுத்தரமான ஒரு சாப்பாடு, 112 கிராம். இரவு மீண்டும் நூறு கிராம் மாவிலே பிழிந்த இடியப்பம், 78 கிராம். மூன்று வேளையும் கூட்டினால் 268. உருளைக்கிழங்குக் கறியையும் வாழைப்பழத்தையும் மாலை வேளை வடையையும் நான் கணக்கிற் சேர்க்கவில்லை.

சோற்று மாச்சத்து முழுவதும் குடலிலே குளுக்கோசாக உடைந்துதான் இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே தேநீர்ச் சீனியை நிறுத்தியவர் முப்பது கிராமை வாசலில் தடுத்துவிட்டு, அதைப் போல ஒன்பது மடங்கை அடுப்படி வழியாக உள்ளே விடுகிறார். சீனியை நிறுத்துவது நல்லதே. ஆனால் அது முதற்படி மாத்திரமே. எமது நோயின் பெரும்பகுதி சோற்றிலும் புட்டிலும் இடியப்பத்திலும் பாணிலும் இருக்கிறது. அதைச் சீனி வருத்தம் என்பதிலும் பார்க்கச் சோற்று வருத்தம் என்பதே பொருந்தும்.

இங்கே மரக்கறி உண்போரின் நிலை தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. யாழ்ப்பாணத்திலே பிறந்தது முதல் மச்சம் தொடாத குடும்பங்கள் உண்டு. ஐம்பது, அறுபது வயதுக்குப் பின்னர் மச்சத்தை விட்டு முழுச் சைவமாகிறவர்களும் பலர். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, திருவெம்பாவை, நல்லூர்க் கந்தனின் 25 நாள் மகோற்சவம் என்று ஆண்டின் கணிசமான பகுதியை ஊர் முழுவதுமே மரக்கறியோடு கழிக்கிறது. மரக்கறிச் சாப்பாடு உடம்புக்கு நல்லது என்பது எமது பொது நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் எமது மரக்கறிச் சாப்பாட்டில் மரக்கறி எவ்வளவு? கோப்பையின் நடுவே சோறு மலைபோலக் குவிந்திருக்க, ஓரத்திலே ஒரு கரண்டி கத்தரிக்காய், ஒரு கரண்டி பருப்பு, கிள்ளிவைத்தாற்போலக் கீரை, மேலே சொதி. மீன் உண்ணும் வீட்டில் மீனாவது புரதம் தந்து பசியை ஆற்றுகிறது. மீனை எடுத்துவிட்டு அதன் இடத்திலே வேறெதையும் வைக்காவிட்டால் அந்த இடத்தைச் சோறுதான் நிரப்புகிறது. பசி தீர இன்னும் இரண்டு அகப்பை போட்டுக்கொள்கிறோம். சைவம் பெருகும்போது சோறும் பெருகுவது இப்படித்தான்.

இந்தக் கோப்பை தோன்றிய காலத்தில் அதிற் பிழை இருக்கவில்லை. துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவருக்கும், புகையிலைக் கன்றுக்குக் குடத்திலே நீர் சுமந்தவருக்கும், நெல் வயலில் நாள் முழுவதும் குனிந்து நின்றவருக்கும் அந்தப் புட்டு மதியத்துக்கு முன்னரே எரிந்து தீர்ந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் இன்றி ஊரே சைக்கிளில் ஓடியது. சீனியும் கோதுமைமாவும் கிடைப்பதே அரிதாயிருந்தது. 2009 இல் யுத்தம் முடிந்து ஏ-9 பாதை திறந்த பின்னர் மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பேக்கரி வானும் போத்தற் பானமும் ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்தன. நீர் இறைக்க மின்மோட்டார் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் வாழும் முதியவர்கள் கதிரையில் அமர்ந்திருக்கிறார்கள். உழைப்புப் போய்விட்டது. உழைப்பாளியின் கோப்பை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நாடே பிந்தித்தான் அறிந்தது. வடபகுதி அதனிலும் பிந்தி அறிந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு, வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோருக்கு நோய் இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழிலேதான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதிற் சேர்க்கப்படவில்லை. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ரீதியில் நடந்த சுகாதாரமும் முதுமையும் பற்றிய ஆய்வு ஏறத்தாழ நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு என்று கூறியது. இரண்டு ஆய்வுகளும் ஒரே முறையில் நடந்தவை அல்ல. ஆகவே ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அளப்பது சரியாகாது. ஆயினும் வளர்ந்தவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவர் என்ற நிலையை எந்த ஊரும் அலட்சியம் செய்ய இயலாது. கால் விரலில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே வெட்டப்படும் வரை போகும் ஆறாத புண், மங்கிக்கொண்டே போகும் கண், இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்தியசாலைக்கு அலையவைக்கும் சிறுநீரகம் ஆகியவைதாம் இந்தக் கணக்கின் மறுபக்கம்.

சோற்றைக் குறை சொல்வது எனது தனிப்பட்ட வைராக்கியம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2020 இல் 21 நாடுகளைச் சேர்ந்த 1,32,373 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளரிசிச் சோறு உண்பவர்களுக்கு, மிகக் குறைவாக உண்பவர்களைக் காட்டிலும் நீரிழிவு வரும் வாய்ப்பு உலகப் பொதுவில் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. தென்னாசியாவிலோ அது 61 சதவீதம். சென்னையில் வைத்தியக் கலாநிதி வி. மோகனும் ஆர். எம். அஞ்சனாவும் அவர்களுடைய குழுவினரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்திவரும் நாடளாவிய ஆய்வு எமக்கு இன்னும் நெருக்கமானது. எமது உணவுக்கும் அவர்களது உணவுக்கும் உறவு உண்டு. 2022 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, புதிதாக நோய் கண்டவர்கள் அதைப் பின்வாங்கச் செய்ய வேண்டுமானால், நாளாந்த சக்தியில் மாச்சத்தின் பங்கை நூற்றுக்கு 49 முதல் 54 வரைக்கும் இறக்கி, புரதத்தின் பங்கை நூற்றுக்கு இருபது அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று கணித்தது. 2025 இல் வெளியான அவர்களது அடுத்த அறிக்கை, இந்தியர்கள் தமது சக்தியில் நூற்றுக்கு 62 பங்கை மாச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்றது. அதில் ஐந்து பங்கை மட்டும் தாவரப் புரதத்தாலோ பாற்புரதத்தாலோ மாற்றீடு செய்தால் நோய் வாய்ப்புக் குறையும் என்றும் அது காட்டியது. சைவ உணவுக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? அவர்கள் குறிப்பிடும் புரதம் பருப்பிலும் தயிரிலும் இருப்பது.

அதே அறிக்கையில் மற்றொரு முடிவும் உண்டு. எமது ஊரவர்கள் அதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். வெள்ளை மாவுக்குப் பதிலாக முழுக் கோதுமைமாவையோ சிறுதானிய மாவையோ அதே அளவில் உண்பதனால் மட்டும் நோய் வாய்ப்புக் குறையவில்லை. மொத்த மாச்சத்தும் குறைந்தாலே பயன் கிட்டும். யாழ்ப்பாணத்தில் நீரிழிவு என்று தெரிந்தவுடன் வீட்டிலே நடக்கும் முதற் சடங்கு குரக்கன்மா வாங்குவது. வெள்ளை அரிசிமாப் புட்டு இருந்த இடத்தில் குரக்கன் புட்டு வருகிறது. 'இது சீனிக்காரருக்கு நல்லது' என்று சொல்லி ஒரு பிடி கூடவும் வைக்கிறார்கள். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூறு கிராம் குரக்கன்மாவிலும் எழுபது கிராமை ஒட்டி மாச்சத்து இருக்கிறது. மொட்டைக்கறுப்பன் சிவப்பரிசியும் ஒடியல்மாவும் அப்படித்தான். வெள்ளை மாவைவிட இவை மேல் என்பது வரையில் சரி. ஆனால் எவ்வளவும் உண்ணலாம் என்ற அனுமதிச் சீட்டாக இவற்றைக் கொள்ளக் கூடாது. பனங்கட்டியும் பனங்கற்கண்டும் பெரும்பாலும் சீனியே; பனையிலிருந்து வந்த ஒரே காரணத்தால் அவற்றுக்கு விதிவிலக்குக் கிடையாது.

அப்படியானால் மரக்கறி உண்பவர் என்னதான் சாப்பிடுவது? இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கோபத்துடனேயே கேட்டிருக்கிறார்கள். மேலைநாட்டுப் புத்தகங்கள் மாச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு இறைச்சியும் மீனும் முட்டையும் உண்ணச் சொல்கின்றன. சைவக்காரருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பருப்பு வகைகளிலே புரதத்தோடு மாச்சத்தும் சேர்ந்தே இருக்கிறது என்பதும் உண்மை. ஆகவே மாச்சத்தை அறவே ஒழிக்கும் கடும் பத்தியம் எமக்குப் பொருந்தாது. எமக்கு அது தேவையுமில்லை. நான் சொல்வது எளிது. சோற்றின் இடத்திலே கறியையும் கறியின் இடத்திலே சோற்றையும் வையுங்கள். கோப்பையின் அரைவாசிக்கு மரக்கறியும் கீரையும், காற்பங்குக்குப் பருப்போ கடலையோ சோயாவோ, எஞ்சிய காற்பங்குக்குள் சோறு.

ஒரு நாட் சாப்பாட்டை எடுத்துப் பார்ப்போம். காலையில் 40 கிராம் மாவின் புட்டு, அதாவது ஒரு சிறு கிண்ணம். கூடவே 30 கிராம் கடலையை ஊறவைத்து அவித்த கறி, முருங்கையிலை வறை. மதியம் 150 கிராம் சோறு; ஒரு கரண்டிக்குப் பதிலாக ஒரு கிண்ணம் பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கீரை, ஒரு கிண்ணம் தயிர் அல்லது மோர். மாலையில் ஒரு பிடி கச்சான். இரவு இடியப்பத்துக்கு விடுமுறை. 50 கிராம் சோயாமீற்றை ஊறவைத்துப் பிழிந்து கோவாவுடனோ போஞ்சியுடனோ வாழைப்பூவுடனோ சமைத்து வயிறு நிறைய உண்ணலாம். இப்படிக் கூட்டினால் நாளின் மாச்சத்து ஏறத்தாழ 160 கிராமில் வந்து நிற்கிறது. 268 என்று நாம் கண்ட தொகையிலிருந்து இது பெரிய இறக்கம். புரதமோ அறுபது கிராமைத் தொடுகிறது. மீனோ முட்டையோ இல்லாமல் இதைச் செய்யலாம். உண்ணும் ஒழுங்கையும் மாற்றலாம்: மரக்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் உணவுக்குப் பின்னர் ஏறும் குளுக்கோசின் அளவு தணிகிறது என்பதைச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செலவில்லாத வைத்தியம் இது.

கீரையிலும் மரக்கறியிலும் யாழ்ப்பாணம் ஏழையாய் இருந்ததில்லை. முருங்கை, அகத்தி, வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை, முல்லை, சண்டி என்று வேலியிலும் கிணற்றடியிலும் நிற்கும் இலைகளைக் கடையிலே வாங்கத் தேவையில்லை. பாகற்காயிலும் கத்தரிக்காயிலும் வாழைப்பூவிலும் பயற்றங்காயிலும் மாச்சத்து மிகக் குறைவு. குறிஞ்சா இலையைப் பற்றி மட்டும் ஒரு சொல். சிறுகுறிஞ்சா இலையிலுள்ள ஒரு பொருள் நாவிலே இனிப்புச் சுவையைச் சிறிது நேரம் மறைத்துவிடும். மென்றுவிட்டுச் சீனியை வாயிலிட்டால் மண்ணைப் போல இருக்கும். இதைக் கண்டே முன்னோர் அதை நீரிழிவுக்கு உகந்ததெனக் கொண்டிருக்கக்கூடும். குறிஞ்சா வறையும் பாகற்காய்க் கறியும் கோப்பையிலே இருப்பது நன்று. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது மட்டும் ஆபத்து.

பருப்பு வகையின் விலை ஏழைக்கு இடிக்கிறது என்பார்கள். நியாயமான ஆட்சேபம். மைசூர்ப் பருப்பு முழுவதும் கப்பலில் வருவது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது அதன் விலை ஏறிய ஏற்றத்தை எவரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் உழுந்தும் பயறும் கௌபியும் கச்சானும் வன்னி மண்ணிலே விளைபவை. அந்த ஆண்டிலே மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. மருந்து வரும் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் ஒரு நாட்டில், மருந்தின் தேவையைக் குறைக்கும் உணவைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் ஆகாது.

இனி எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு நாளைக் காலையே சோற்றை அரைவாசியாக்க எண்ணுபவர்கள் அதற்கு முன்னர் தமது வைத்தியரைக் காண வேண்டும். இன்சுலின் ஏற்றுபவர்களும், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் உட்கொள்பவர்களும் மருந்தின் அளவைக் குறைக்காமல் மாச்சத்தைக் குறைத்தால் குளுக்கோஸ் ஆபத்தான அளவுக்கு இறங்கி மயங்கி விழக்கூடும். எம்பாகிளிஃப்லோசின், டப்பாகிளிஃப்லோசின் என்ற புதிய வகை மாத்திரைகளை எடுப்பவர்கள் கடுமையாக மாச்சத்தைக் குறைத்தால் இரத்தம் அமிலத்தன்மை அடையும் அபாயம் உண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தைத் தம் விருப்பப்படி கூட்டக் கூடாது. மரக்கறி உண்பவர்களுக்கென்றே ஒரு தனி எச்சரிக்கையும் இருக்கிறது. எமது கிளினிக்குகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் கொடுக்கப்படும் மெற்போமின், நீண்டகாலப் பாவனையில் உடலின் விற்றமின் பி12 ஐக் குறைக்கிறது. அந்த விற்றமின் செடிகொடிகளிலே கிடையாது. பாலிலும் தயிரிலும் ஓரளவே உண்டு. ஆகவே சைவக்காரர் இரண்டு பக்கத்தாலும் இழக்கிறார். அதன் குறைபாட்டால் வரும் கால் விறைப்பையும் நீரிழிவால் வரும் கால் விறைப்பையும் வேறுபிரித்து அறிவது கடினம். மெற்போமினைப் பல ஆண்டுகள் உட்கொண்டுவரும் சைவ உணவுக்காரர் தமது பி12 அளவைப் பரிசோதிக்குமாறு வைத்தியரிடம் தாமே கேட்க வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பத்திரிகைத் தொழிலுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். மாச்சத்துக் குறைப்பு ஒன்றே வழி என்று மருத்துவ உலகம் சொல்லவில்லை. 2021 இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் தெளிவான நன்மை இருந்ததையும், ஓராண்டு செல்லும்போது மற்றை உணவுமுறைகளோடு உள்ள வித்தியாசம் சுருங்கிவிட்டதையும் ஒருசேரக் காட்டியது. பத்தியத்தைத் தொடர்ந்து காப்பது கடினம் என்பது அதற்கு ஒரு காரணமாகலாம். 2017 இல் பிரித்தானியாவில் முடிவு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்விலே, கலோரிகளைக் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கியவர்களில் நூற்றுக்கு 46 பேருக்கு ஓராண்டில் நோய் பின்வாங்கியது. அவர்கள் நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள். எடை இறங்குவதே முக்கியம் என்பது அதன் பாடம். எமக்கோ எடை அதிகமில்லாதபோதே நோய் வந்துவிடுகிறது. தென்னாசியருக்கு இடுப்பளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டினாலே எச்சரிக்கை என்று வைத்திருக்கிறார்கள். தொந்தியைக் குறைக்க எமது கோப்பையிலே எதைக் குறைப்பது என்று கேட்டால், குறைப்பதற்கு அங்கே பெரிதாக இருப்பது சோறு ஒன்றுதான். கொழுப்பு ஏறிவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. ரொறன்ரோவில் பேராசிரியர் டேவிட் ஜென்கின்ஸ் 2009 இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், மாச்சத்துக் குறைந்த முழுத் தாவர உணவு கெட்ட கொழுப்பையும் இறக்கிக் காட்டியது. சோயாவும் கொட்டைகளும் அந்த உணவிலே இடம்பெற்றன. அதிற் பங்குபற்றியோர் நீரிழிவு நோயாளர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒரே ஒரு பத்தி. எனக்கு நீரிழிவு இருப்பது 2014 இல் தெரியவந்தது. நான் பிறப்பிலிருந்தே மரக்கறி உண்பவன். மேலே சொன்ன கோப்பை ஒழுங்கை வைத்தியரின் கண்காணிப்பில் கைக்கொண்ட பின்னர், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி என்னும் அளவு ஓராண்டில் 8.4 இலிருந்து 6.6 க்கு இறங்கியது. மெற்போமினை நான் நிறுத்தவில்லை. ஒருவனுடைய அனுபவம் நிரூபணம் ஆகாது. ஆனால் எமது அடுப்பிலே, எமது வேலிக் கீரையைக் கொண்டு, மாமிசம் இல்லாமல் இது செய்யக்கூடியதே என்பதற்கு அது சாட்சியாகும். நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் புட்டு உண்பதற்கு முன்னர் ஒருமுறையும், இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருமுறையும் அளந்து எழுதிவையுங்கள். மறுநாள் புட்டைப் பாதியாக்கிக் கடலையைக் கூட்டி உண்டு மீண்டும் அளவுங்கள். பொதுவாக இரண்டு மணித்தியாலத்தின் பின்னர் 180 ஐத் தாண்டாதிருப்பதையே வைத்தியர்கள் இலக்காகக் கொள்கிறார்கள். உங்கள் விரலின் ஒரு துளி இரத்தம் என் கட்டுரையிலும் பார்க்க நன்றாக வாதாடும்.

ஆயினும் இந்தச் சுமை முழுவதையும் நோயாளியின் மனவுறுதியின் மேல் ஏற்றிவிடுவது அநியாயம். யாழ்ப்பாணத்தில் எவரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. சோறு எமக்கு உபசரிப்பு. 'இன்னும் கொஞ்சம் போடுங்கோ' என்பது எமது அன்பின் மொழி. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கிறோம். அந்தச் சந்நிதியில் சோறு வேண்டாம் என்று சொல்ல எந்தச் சைவருக்கும் நாக்கு எழாது. சொல்லவும் வேண்டியதில்லை. அன்னதானம் செய்யும் மடங்களிலே கறியையும் பருப்பையும் தாராளமாக்கி, சோற்றைக் கேட்டுப் பரிமாறினாற் போதும், அறம் குறைந்துவிடாது. சுண்டல் பிரசாதமாகக் கொடுக்கும் வழக்கம் எமது கோயில்களில் ஏற்கனவே இருக்கிறது. சர்க்கரைப் பொங்கலுக்கு அருகில் அதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம். கலியாண மண்டபக்காரரும் சைவ உணவகக்காரரும் மரக்கறிகளைக் கூட்டிச் சோற்றைக் குறைத்த ஒரு சாப்பாட்டைத் தமது விலைப்பட்டியலில் சேர்க்கலாம்.

கிளினிக்குகளிடமும் ஒரு வேண்டுகோள். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கும் நோயாளிக்கு வைத்தியர் ஒதுக்கக்கூடியது சில நிமிடங்களே என்பதை நான் அறிவேன். அந்தச் சில நிமிடத்திலே 'மாச்சத்தைக் குறையுங்கள்' என்று சொல்வதிற் பயனில்லை. எத்தனை இடியப்பம், எந்த அளவுக் கிண்ணத்தில் புட்டு, எத்தனை அகப்பை சோறு, அதற்கு ஈடாக எவ்வளவு கடலை என்று சமைப்பவருக்கு விளங்கும் மொழியில் எழுதிய ஒற்றைத் தாள் தேவை. அதிலும் மரக்கறி உண்போருக்கு வேறு தாள் வேண்டும். சமைப்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். அவரை அழைத்துப் பேசாமல் நோயாளிக்கு மட்டும் போதிப்பதனால், வீட்டிலே இரண்டு அடுப்பு மூட்டும் வேலைதான் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. வீடு முழுவதும் ஒரே கோப்பைக்கு மாறினால் அவருடைய வேலை பாதியாகும். இன்னும் நோய் வராத பிள்ளைகளுக்கும் அதுவே காப்பு.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் எமது கோப்பை எம்மோடு வந்துவிட்டது. நோயும் கூடவே வந்தது. ஊரிலுள்ள பெற்றோருக்குத் தொலைபேசும்போது 'சீனி எப்படி?' என்று கேட்கிறீர்கள். அவர்களும் 'தேநீருக்குப் போடுவதில்லை' என்று விடை சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார்கள். அடுத்த முறை வேறு கேள்வி கேளுங்கள். இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள், அதோடு பருப்போ கடலையோ இருந்ததா, பி12 பார்த்தீர்களா என்று கேளுங்கள். பணம் அனுப்பும்போது குளுக்கோமீற்றருக்குரிய ஸ்ரிப்புக்கும் சேர்த்து அனுப்புங்கள். இந்த நோயிலே காலைக் காப்பாற்றுவதா இழப்பதா என்பது பல வேளைகளில் இத்தகைய சிறிய கேள்விகளிலேயே தங்கியிருக்கிறது.